அரைக் கட்டை ஏற்றம்

ஜனவரி 12

அன்புள்ள மச்சானுக்கு,

எழுத்தில் கொடுக்கச் சொன்னீர்கள். கொடுக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகப் பாதியில் எழுந்து கை கழுவினீர்கள். "இனிமே இதைப் பத்தி வாயால பேச மாட்டேன், எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க" என்று சொல்லிவிட்டு ஆறு மணி நேரப் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டீர்கள். உங்கள் தங்கை அன்றிலிருந்து என்னிடம் அளந்துதான் பேசுகிறாள். அண்ணன் சாப்பிடும்போதுதானா உங்களுக்கு அது ஞாபகம் வர வேண்டும் என்று கேட்டாள். நேரம் சரியில்லைதான். ஆனால் விஷயத்துக்கு ஆதாரம் இருக்கிறது.

எழுத்தில் என்று ஆகிவிட்டதால் ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன். நம்மாள் நாற்பது வருடம் பாடகர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே கிளாரினெட் வாசித்தவர். தனக்கென்று அவர் செய்தது மூன்றே மூன்று தனிப் பதிவுகள். முதலாவது கேசட்டாக வந்தது, மொத்தம் நூறு பிரதிகள். இரண்டாவது வானொலியில் ஒரே ஒரு முறை போனது. மூன்றாவதை வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தானே பதிந்தார். இந்த மூன்றையும் உயிராக நினைக்கிற நாற்பத்து மூன்று பேர் சேர்ந்து ஒரு ரசிகர் வட்டம் வைத்திருக்கிறோம். வரும் ஏப்ரலில் மூன்றையும் ஒன்றாக வெளியிடப் போகிறோம், கூடவே ஒரு புத்தகம். அதன் முதல் கட்டுரை, இருபத்து மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் எழுதிய 'அறுத்த குழல்'.

முதல் கேசட்டில் கிளாரினெட்டின் சுருதி வழக்கத்தைவிட அரைக் கட்டை ஏறிக் கேட்கிறது. வாய் வைத்து ஊதுகிற துண்டுக்கும் உடலுக்கும் நடுவே இருக்கிற சின்ன மரத் துண்டை அவர் அறுத்துக் குறைத்துத்தான் அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்தார் என்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள். வட்டமே அதை நம்பியது. நானும் நம்பினேன்.

நவம்பரில் எங்கள் எக்ஸ்ரே அறைக்கு இடுப்பைப் படமெடுக்க ஒரு பெரியவர் வந்தார். அசையாமல் படுக்கச் சொன்னேன். படுத்தவர் மெல்ல ஒரு மெட்டை முனகினார். 'சாவி தொலைந்தது'! நம் வட்டம் பெயர் வைத்த, முதல் கேசட்டின் மூன்றாவது உருப்படி! இதை எங்கே கேட்டீர்கள் என்றேன். நான்தானே பதிவு செய்தேன் என்றார். அவர் வீட்டு அலமாரியில் மூலப் பதிவின் ஸ்பூல் நாடாவும் அதை ஓட்டுகிற மெஷினும் இருந்தன. அதைப் போட்டுக் கேட்டேன். அரைக் கட்டை ஏற்றமே இல்லை, மச்சான். சாதாரணக் கிளாரினெட்தான். கேசட்டுக்கு நகல் எடுத்தபோது மெஷின் கோளாறாகி, நூறு கேசட்டும் வேகமாக ஓடுகின்றன. அறுவையைப் பற்றிக் கேட்டதற்கு அந்தப் பெரியவர், "அறுவையா, யாருக்கு ஆபரேஷன்?" என்று பதறிப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் சொன்னது தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை.

மாப்பிள்ளை


ஜனவரி 19

எக்ஸ்ரே டெக்னீஷியன் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது.

நூறு கேசட் ஒரு மாதிரி சொல்கிறது. உங்கள் ஒரு ஸ்பூல் வேறு மாதிரி சொல்கிறது. நூறு பேர் சேர்ந்து பொய் சொல்கிறார்கள், ஒருவர் மட்டும் உண்மை பேசுகிறார், அவரும் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறார். நல்ல நியாயம். கேசட் வேகமாக ஓடுகிறது என்கிறீர்கள். உங்கள் ஸ்பூல் மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று நான் சொன்னால் என்ன செய்வீர்கள்? முப்பது வருடம் அலமாரியில் தூங்கிய மெஷின்! நான் பார்க்கிற லிஃப்டுகளில் ஒன்றை மூன்று மாதம் சும்மா விட்டாலே முனக ஆரம்பித்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை நீங்கள் வசதியாக மறந்துவிட்டீர்கள். என் கட்டுரை வட்டத்தின் இதழில் வந்து எட்டு மாதம் கழித்து நம்மாள் முதன்முறையாக நம் கூட்டத்துக்கு வந்தார். 'சாவி தொலைந்தது' மட்டும் வாசித்தார். கேசட்டில் இருக்கிற அதே அரைக் கட்டை ஏற்றத்தில் வாசித்தார். முடிந்ததும் குழலை என் கையில் மட்டும் கொடுத்தார். அந்த மரத் துண்டு பாதிகூட இல்லை. விளிம்பில் ரம்பம் ஓடிய தடத்தை இந்த விரலால் தடவிப் பார்த்தேன். அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தீர்கள். நேரில் பார்த்தவனுக்கு, பார்க்காதவர் காது குத்த வருகிறார்.

மனிதரின் எலும்புக்குள் இருப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்மாளைப் பற்றி எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. அந்தக் கேசட்டை இந்த வட்டத்தில் முதலில் கேட்டவன் நான். பெயரில்லாமல் இருந்த ஏழு உருப்படிகளுக்கும் பெயர் வைத்தவன் நான். வாத்தியத்தையே அறுக்கிற துணிச்சல் எந்த ஆர்க்கெஸ்ட்ரா ஆளுக்கு வரும்? வராது. இவருக்கு வந்தது. அதை இல்லை என்று நீங்கள் சொல்வது என்னைக் குறைத்துப் பேசுவதில்லை, அவரைக் குறைத்துப் பேசுவது. எனக்குப் பொறுக்காதது அதுதான்.

புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கட்டுரை அப்படியே போகும்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்
(முப்பத்தேழு வருட அனுபவம்)


ஜனவரி 28

மச்சானுக்கு,

'ஐயா' என்று எழுதியதை உங்கள் தங்கச்சியிடம் காட்டினேன். சிரித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது, நன்றி. விசாரித்ததையும் சொன்னேன். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேனா?" என்றாள்.

ஸ்பூல் மெஷின் மெதுவாக ஓடலாம் என்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி. யோசித்தேன். இரண்டில் எது சரியான வேகம் என்று வெளியே நின்று சொல்ல முடியாது. பதிவுக்குள்ளேயே, நமக்கு வேகம் தெரிந்த ஏதாவது ஒன்று கேட்க வேண்டும். கடிகாரம் மாதிரி ஏதாவது.

'சாவி தொலைந்தது' உருப்படியில் பின்னால் மெல்லிசாக நான்கு முறை மணி கேட்குமே. அந்த முக்கோண மணியை வாசித்தது யார் என்று வட்டத்தில் பத்து வருடம் அடித்துக்கொண்டோம். நம் வட்டத்துப் பல் டாக்டர் ஒரு பெயர் சொன்னார், நீங்கள் வேறு பெயர் சொன்னீர்கள், இரண்டு கூட்டம் அதிலேயே போனது. கேசட்டின் இரைச்சலில் அது சரியாகக் கேட்காது. ஸ்பூலில் தெளிவாகக் கேட்கிறது. முதல் மணிக்கு முன்னால் ஒரு 'டக்'. பிறகு ஒரு மோட்டார் உறுமல். நான்கு மணி முடிந்ததும் ஒரு 'டொக்'.

அது வாத்தியமே இல்லை, மச்சான். நாம் நினைத்த மாதிரி அந்தப் பதிவு பெரிய ஸ்டுடியோவில் நடக்கவும் இல்லை. ஸ்பூல் பெட்டியின் மேல் பென்சிலில் எழுதியிருக்கிறது: உங்கள் ஊர், தலைமைத் தபால் நிலையத்துக்கு எதிர்க் கட்டடம், நாலாவது மாடி, பின் அறை.

இத்துடன் ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். ஹெட்போன் போட்டு அந்த ஒரு உருப்படியை மட்டும் கேளுங்கள். அது என்ன சத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 6

எக்ஸ்ரே அவர்களுக்கு,

பென்டிரைவ் வந்தது. கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை. ஜவுளிக்கடை லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றுகொண்டு வர மாட்டேன் என்கிறது. எனக்கு ஆயிரம் வேலை.

உங்கள் அக்கா கேட்டாள். அதாவது என் மனைவி. கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் எனக்குப் பிடிக்காது.

ல. மெ.


பிப்ரவரி 17

மாப்பிள்ளைக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். எழுதாவிட்டால் என்னால் வேலை செய்ய முடியாது.

கேட்டேன். ஹெட்போனை மாட்டி 'டக்' என்ற சத்தம் வந்தபோதே கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். மோட்டாருக்குக் கரண்ட் போகிற சத்தம். பிறகு முதல் மணி. மாப்பிள்ளை, அது என் மணி.

தபால் நிலையத்துக்கு எதிர்க் கட்டடத்து லிஃப்டைப் பதினோரு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். அந்தப் பதிவு நடந்து நாலைந்து வருடம் கழித்து என் கைக்கு வந்த லிஃப்ட். இழுத்து மூடுகிற கம்பிக் கதவு. ஒவ்வொரு மாடிக்கு வரும்போதும் ஒரு இரும்பு நாக்கு கூண்டின் தலையில் இருக்கிற பித்தளை மணியைத் தட்டும். மணியின் விளிம்பில் ஒரு விரிசல் உண்டு. அதனால் சத்தம் முடிகிற இடத்தில் கொஞ்சம் கரகரக்கும். மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன், மாற்றவில்லை. அந்தக் கரகரப்புகூட அப்படியே இருக்கிறது.

பதினோரு வருடம் என் கையால் எண்ணெய் போட்ட மணியை, இருபத்து மூன்று வருடம் கேசட்டில் கேட்டும் எனக்குத் தெரியவில்லை. முக்கோண மணி என்று சொல்லி, வாசித்தவருக்குப் பெயரும் வைத்தேன். ஏன் தெரியவில்லை? அரைக் கட்டை ஏறி இருந்தது. வேறு ஏதோ மணி போலக் கேட்டது. உங்கள் ஸ்பூலில் அது தன் சொந்தக் குரலில் அடிக்கிறது. அங்கேயே என் மூக்கு உடைந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. அளக்காமல் எதையும் ஒத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

அடுத்த நாள் அந்தக் கட்டடத்துக்குப் போனேன். கீழே தையல் கடை, இரண்டாவதில் டைப்பிங் வகுப்பு, நாலாவது மாடிப் பின் அறையில் அட்டைப்பெட்டிகள். லிஃப்ட் அதேதான், மோட்டார் அதேதான். வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும். ஒரு தடவை செக் பண்ணணும் என்றேன். கையில் ஸ்டாப் வாட்ச். தரையிலிருந்து நாலாவது மாடிக்கு, 'டக்' முதல் 'டொக்' வரை. காலியாக ஒரு தடவை, நான் ஏறி ஒரு தடவை, கீழே தையல் கடை அம்மாக்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு மூன்று தடவை. எல்லாத் தடவையும் முப்பத்தாறு விநாடி. அரை விநாடிகூட வித்தியாசமில்லை. அந்த அம்மாக்கள் எதற்குச் சும்மா மேலும் கீழும் கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன், சரியா என்று பார்க்கிறேன் என்றேன். நல்ல மனிதர், வேலை அதிகமாகிவிட்டது போல என்று பேசிக்கொண்டார்கள்.

உங்கள் ஸ்பூலில் முப்பத்தாறு. என் கேசட்டில் முப்பத்து நான்கு.

அவ்வளவுதான். நீங்கள் சொன்னதுதான் சரி. எழுத்திலேயே கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதையும் கேளுங்கள். அந்த ஆறாவது உருப்படி, 'பெரிய மூச்சு'. நடுவில் எங்கும் நிற்காமல், ஒரே மூச்சில் நாற்பத்தேழு விநாடி என்று நாம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம். சரியான வேகத்தில் அளந்தேன். ஐம்பது விநாடி, மாப்பிள்ளை! கேசட் அவரிடமிருந்து மூன்று விநாடியைத் திருடியிருக்கிறது. நாம் நினைத்ததைவிட அவர் பெரிய ஆள். அளந்து முடித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோற்றவனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் புரியவில்லை. கேசட்தான் வேகம் என்றால், நான் கையில் வாங்கிப் பார்த்த அறுத்த குழல் எது?

மச்சான்


பிப்ரவரி 24

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி மதிய இடைவேளையில் படித்தேன். வெளியே வரிசையில் பதினைந்து பேர். படித்து முடித்த பிறகும் ஐந்து நிமிடம் கதவைத் திறக்கவில்லை. ஜெயித்த மாதிரியே இல்லை. நீங்கள் ஸ்டாப் வாட்ச்சோடு தையல்கார அம்மாக்களை ஏற்றிக்கொண்டு போனதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் பென்டிரைவைத் தொலைத்திருப்பேன்.

அதனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புத்தகத்தில் கட்டுரையைப் போடாமலே விட்டுவிடலாம். வெளியீட்டில் ஸ்பூல்தான் வரப்போகிறது, சரியான வேகத்தில். இடம் போதவில்லை என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அல்லது இதில் இரண்டு கருத்து உண்டு என்று ஒரு வரியில் பூசி மெழுகிவிடலாம். கட்டுரையை வைத்துத்தான் வட்டத்தில் உங்களை எல்லோருக்கும் தெரியும். பல் டாக்டர் உங்களைக் குத்திக்காட்ட ஒரு சந்தர்ப்பத்துக்குக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிறார். நம் குடும்பத்து ஆளை மேடையில் பார்த்து நாலு பேர் சிரிப்பது எனக்கும் பிடிக்காது.

அறுத்த குழலைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நம்மாள்தான் விடை சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்தேன் என்றால் பார்த்தீர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம்மாள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார். எண்பத்து மூன்று வயதாகிறது. நேரில் போய்க் கேளுங்கள்.

உங்கள் தங்கச்சி இப்போது முழுசாகப் பேசுகிறாள். அண்ணன் 'மாப்பிள்ளைக்கு' என்று எழுதிவிட்டாரா என்று முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

மாப்பிள்ளை


மார்ச் 8

மாப்பிள்ளைக்கு,

போடாமல் விடலாம் என்று எழுதியிருந்தீர்கள். பாசத்தில் எழுதியது என்று புரிகிறது. ஆனால் லிஃப்டில் ஒரு கோளாறு எனக்குத் தெரிந்துவிட்டது என்றால், அதைப் பூட்டாமல், போர்டு மாட்டாமல் வீட்டுக்குப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. இருபத்து மூன்று வருடமாக நான் எழுதியதை நம்பி நாற்பது பேர் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

நம்மாளைப் பார்த்தேன். முதல் மாடி வீடு. மகள்தான் கதவைத் திறந்தார். பால்கனியில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்கிறது. "வாங்க லிஃப்டு" என்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. ஸ்பூல், மணி, முப்பத்தாறு விநாடி, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, கேசட் கைக்கு வந்த அன்றைக்கே வேகம் என்று தனக்குத் தெரியும் என்றார். நூறும் போட்டாகிவிட்டது, போட்டவர் ஆசையாகப் போட்டார், அவர் மனது நோகக் கூடாது என்று விட்டுவிட்டாராம். எங்களிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"யாராவது கேட்டாத்தானே சொல்றதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், மாப்பிள்ளை. நாம் நாற்பத்து மூன்று பேரும் அவரைப் பற்றி நமக்குள்ளேதான் பேசிக்கொண்டோம். அவரிடம் கேட்கவே இல்லை.

பிறகு அந்தக் குழலைப் பற்றிக் கேட்டேன். என்னைக் கிட்டே வந்து உட்காரச் சொன்னார்.

"அறுத்தது நான்தான். ஏன்னு கேக்காதீங்க. எழுதவும் வேணாம். வாத்தியத்தை அறுத்தவன்னு நானே ஒத்துக்கிட்டா இன்னும் நாலு பேர் ரம்பத்தைத் தூக்கிருவாங்க."

அது உண்மைதான். என் கட்டுரையைப் படித்துவிட்டு, பள்ளிக்கூட பேண்டு வாத்தியார் ஒருவர் தன் குழலை அறுத்து, அது எதற்கும் ஒத்து வராமல் போய், என்னை ஒரு வருடம் திட்டிக்கொண்டிருந்தார். அதனால் வாக்குக் கொடுத்துவிட்டேன். இதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் அக்காவிடம்கூட இல்லை. அதனால் அவள் இன்னும் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறாள்.

கட்டுரையை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் புதுக் கட்டுரை போகிறது. நான் எப்படித் தவறாகக் கேட்டேன், மணி எப்படிக் காட்டிக்கொடுத்தது, ஐம்பது விநாடி மூச்சு, ஸ்பூலைக் கண்டுபிடித்தவர் யார், எல்லாம் இருக்கிறது. அறுத்த குழல் இல்லை. விழாவில் நானே மேடையில் வாசிக்கப் போகிறேன்.

மச்சான்


மார்ச் 15

மச்சானுக்கு,

அச்சுக்குப் போகும் முன் அனுப்பிய பக்கங்களைப் படித்தேன். நன்றாக இருக்கிறது. 'நான் தவறு செய்தேன்' என்பதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடம் போதும். என்னைப் பற்றி எழுதியதைப் பாதியாகக் குறையுங்கள். இடுப்பைப் படமெடுத்தது என் வேலை, அதற்கு மாலை வேண்டாம்.

என்னால் விழாவுக்கு வர முடியாது. அதே வாரம் எங்கள் அறைக்குப் புது மெஷின் வருகிறது. பழையதைக் கழற்றும்போது நான் பக்கத்தில் இல்லையென்றால் ஈயக் கதவையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். உங்கள் தங்கை வருகிறாள். முன் வரிசையில் இடம் போட்டு வையுங்கள், பின்னால் உட்கார்ந்தால் எட்டிப் பார்த்தே கழுத்து வலி வாங்கிக்கொண்டு வருவாள்.

எனக்கு ஒரே பயம்தான். பல் டாக்டர் கேட்பார். ரம்பத் தடத்தைத் தடவிப் பார்த்ததாக அன்றைக்கு இதழில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்போது அறுக்கவே தேவையில்லை என்றால், நீங்கள் தடவிப் பார்த்தது என்ன? வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், உண்மையைச் சொல்ல முடியாது. பொய் சொல்லவும் உங்களுக்கு வராது. கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்க நான் வந்தபோது, உங்கள் தங்கச்சிக்குக் கோபம் வருமா என்று எங்கள் அப்பா கேட்டதற்கு, "வரும், நிறைய வரும்" என்று சொன்ன ஆள் நீங்கள்.

ஒன்றை எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். உங்களை என் மச்சான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. இந்த இரண்டு மாதத்தில் அது ரொம்பக் கூடிவிட்டது. நேரில் சொல்ல எனக்கு வராது.

மாப்பிள்ளை


ஏப்ரல் 6

மாப்பிள்ளை,

தங்கச்சி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். அவள் அழுததால் பாதி விட்டுப்போயிருக்கும். நான் முழுசாக எழுதுகிறேன்.

நூலக அரங்கம். இருநூறு நாற்காலி போட்டோம், நூற்றுப் பத்துப் பேர் வந்தார்கள். மூன்று தனிப் பதிவுக்கு நூற்றுப் பத்துப் பேர்! நம்மாள் மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நடுவில் உட்காரச் சொன்னோம், பழக்கமில்லை என்றுவிட்டார். முதலில் ஸ்பூலிலிருந்து 'பெரிய மூச்சு' போட்டோம். ஐம்பது விநாடியும் அரங்கத்தில் ஒருவர்கூட இருமவில்லை. நான் ஒரு பக்கம் ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம்.

அப்புறம் எழுந்து கட்டுரையை வாசித்தேன். நான் எழுதியது தப்பு என்று சொன்ன இடத்தில் ஒரு சலசலப்பு. லிஃப்ட் மணி என்று சொன்ன இடத்தில் நன்றாகச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முடித்து உட்காரப் போகும்போது நீங்கள் சொன்ன மாதிரியே பல் டாக்டர் எழுந்தார். பழைய இதழை மடித்துக் கையில் வைத்திருந்தார். ரம்பத் தடம் என்று எழுதிய வரியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். அப்படியானால் நான் அன்றைக்குக் கையில் வாங்கிப் பார்த்தது என்ன என்று கேட்டார்.

நான் நம்மாள் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் உளறிவிடுவேன் என்று பயம். அப்படி ஒரு குழலையே நான் பார்க்கவில்லை, கட்டுரைக்கு வலு சேர்க்கக் கற்பனையாக எழுதினேன் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாகப் பொய் சொன்னதே இல்லை. அப்போ இருபத்திரண்டு வருடமாக எங்களிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள் என்றார் அவர். ஆமாம் என்றேன். முன் வரிசையில் தங்கச்சி எழுந்து நின்றுவிட்டாள். அவளிடமிருந்து பல் டாக்டரைக் காப்பாற்றியது நம்மாள்தான்.

நம்மாள் மைக்கைக் கேட்டார். எழுந்து நிற்க அவருக்குக் கொஞ்ச நேரமானது. நான் கையைப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தட்டிவிட்டார்.

"இவர் பார்த்தது நிஜம். நான்தான் அறுத்தேன். சொல்லக் கூடாதுன்னு இவர்கிட்ட வாக்கு வாங்கினதும் நான்தான்" என்றார். பிறகு அவர் பேசியதை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன், எனக்கு மறக்காது.

"நாப்பது வருஷம் வாசிச்சிருக்கேன். என்னைப் பத்தி ஒருத்தரும் ஒரு வரி எழுதினதில்ல. ஒருநாள் தபால்ல ஒரு இதழ் வந்துச்சு. முகம் தெரியாத ஒருத்தர் ரெண்டு பக்கம் எழுதியிருந்தாரு. என் பொண்ணை ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். எழுதினது தப்பு. ஆனா எவ்வளவு கவனமா கேட்டிருந்தா அந்த அரைக் கட்டை ஒருத்தர் காதுல விழும்? கூட்டத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டீங்க. சாதாரணக் குழலோட வந்து வாசிச்சா, அத்தனை பேர் முன்னாடி அவர் பொய்யர்னு ஆயிடும். எனக்கு மனசு வரல. அதான் அறுத்தேன். அன்னைக்கு அவரைப் பொய்யராக்க விடல. இன்னைக்கு மட்டும் இவரைப் பொய்யர்னு சொல்ல விட்டுருவேனா?"

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். உடனே யாரும் கை தட்டவில்லை, மாப்பிள்ளை. முதலில் தட்டியது பல் டாக்டர்தான், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நான் மேடையில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அறுபத்தோரு வயதில், மைக் கையில் இருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

ஒரு மனிதர் தன் சோற்றுக்கு வழி செய்த வாத்தியத்தில் ரம்பம் வைத்திருக்கிறார். வாசித்த அன்றைக்கு, சுருதி பிசகாமல் இருக்க ஒவ்வொரு சுரத்தையும் உதட்டாலேயே இழுத்துப் பிடித்து நிறுத்தியதாக அப்புறம் என்னிடம் சொன்னார். ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் இரண்டு பக்கத்துக்காக. நாம் மூன்று பதிவு, மூன்று பதிவு என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அந்தக் கூட்டத்தில் வாசித்ததுதான் அவருடைய பெரிய வாசிப்பு. அதை யாரும் பதிவு செய்யவில்லை, கேட்டவன் நான்.

புத்தகம் தீர்ந்துவிட்டது, இன்னொரு முறை அச்சடிக்க வேண்டும். கட்டுரையைத் திரும்ப எழுத வேண்டும், இந்தத் தடவை குழலோடு. அவரும் சரி என்றுவிட்டார். ரம்பத்தைத் தூக்குகிறவர்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இனி ஒரு வரி எழுதினாலும் அவரிடம் கேட்டுவிட்டு, உங்களிடம் காட்டிவிட்டுத்தான் எழுதுவேன்.

ஆனால் ஒன்று, மாப்பிள்ளை. அந்த மனிதரைப் பற்றி இந்த உலகத்தில் முதலில் எழுதியவன் நான். தப்பாகத்தான் எழுதினேன். இருந்தாலும் முதலில் எழுதியவன் நான்தான்.

மச்சான்